பட்டுக்கடைக் கதவருகே இரண்டு மணி நேரம்

கரண்ட் பில்லைக் குறைக்கத் தணிக்கையாளரைக் கூப்பிடலாமா என்று யோசிக்கும் கடைக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கத்திரி வெயில். நான் பள்ளியிலிருந்து ஓய்வுபெற்ற முதல் கோடை. தம்பி சேகர் அடையாற்றில் சின்ன அறை எடுத்து எரிசக்தித் தணிக்கை செய்துவந்தான். மின்சாரம் எங்கே வீணாகிறது என்று அளந்து எழுதிக் கொடுக்கும் வேலை. அவனுடைய உதவியாளருக்கு அம்மை போட்டிருந்தது. "அக்கா, ஆத்துல சும்மாதானே இருக்கே? ரெண்டு மணி நேரம் உக்காந்துண்டு எண்ணணும், அவ்வளவுதான்" என்றான். முப்பது வருடம் பௌதிகம் சொல்லிக் கொடுத்தவளுக்கு எண்ணத் தெரியாதா என்று கிளம்பினேன்.

மயிலாப்பூர் குளத்தருகே 8.10க்கு பஸ். டிக்கெட் இரண்டு ரூபாய். தி.நகர் ஐந்து கிலோமீட்டர்தான், ஆனால் நாற்பது நிமிடம் நின்றபடி போனேன். இறங்கும்போதே முழங்கால் 'இன்றைக்கு இது போதும்' என்றது.

கடை ஒரு பட்டுப்புடவைக் கடை. போன கோடையில் ஏசி போட்டதிலிருந்து பில் இரண்டு மடங்கு. முதலாளிக்குக் காரணம் ஏற்கனவே தெரிந்திருந்தது. வாசலில் கண்ணாடிக் கதவைப் பிடித்திருந்த காவலாளி ஏழுமலையைச் சேகரிடம் கையால் காட்டினார். ஐம்பது வயதிருக்கும், காக்கிச் சட்டை. "குளுகுளுன்னு காத்து வாங்கறதுக்கே கதவைத் திறந்து வெச்சிட்டு நிக்கறான் சார். நீங்க ரிப்போர்ட்ல ஒரு வரி எழுதுங்க. நாளைக்கே இவனை வேலையை விட்டு அனுப்பிடறேன்." ஏழுமலை காதில் விழும்படிதான் சொன்னார்.

சேகர் மீட்டரோடு மாடிக்குப் போனான். நான் கதவருகே ஸ்டூலில் உட்கார்ந்தேன். 10.30 முதல் 12.30 வரை கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் நோட்டில் ஒரு கோடு. ஒரு மணி நேரத்தில் தொண்ணூற்றெட்டு கோடுகள். முதலாளி சொன்னது சரிதான் போலிருக்கிறதே என்று நினைக்கும்போது ஏழுமலை குனிந்தார்.

"இன்னாம்மா, கோடு இஸ்துக்கினே கீற?"

"கதவு எத்தனை தடவை திறக்கறதுன்னு பார்க்கறேன்."

"அதுல நான் தொறந்தது எத்தினி, பொடவ தொறந்தது எத்தினி?"

எனக்கு விளங்கவில்லை. "அங்க பாரு" என்றார். ஒரு அம்மாள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடைபாதைக்குப் போய்விட்டார். மறுமுனையைப் பிடித்தபடி விற்பனையாளர் கடைக்குள் நின்றார். ஜரிகை மாட்டாமலிருக்க ஏழுமலை கதவை அகலத் திறந்து பிடித்திருந்தார். "அரக்குன்னீங்க, வெயில்ல பார்த்தா காபிப்பொடி கலரா இருக்கே!" என்று வெளியிலிருந்து குரல்.

டியூப்லைட் வெளிச்சத்தில் சிவப்பு குறைவு. அதில் அரக்கும் பழுப்பும் ஒன்று போலத் தெரியும். எத்தனை வகுப்புகளில் இதைச் சொல்லியிருப்பேன்! கண்ணெதிரே நடந்தபோது வெறும் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தை இரண்டாகப் பிரித்தேன்: ஆளுக்காகத் திறந்தது, புடவைக்காகத் திறந்தது. அடுத்த ஒரு மணி நேரத்தில் ஆளுக்கு முப்பத்தொன்பது, புடவைக்கு எழுபத்திரண்டு. காற்று வாங்கத் திறந்தது ஒன்றுகூட இல்லை. சேகர் இறங்கி வந்து, ஏசியின் கம்ப்ரஸர் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை என்றான்.

அடையாற்றுக்கு ஆட்டோ, ஆறு கிலோமீட்டர். "மீட்டர் போடுப்பா" என்றேன். "அது ஊருக்குப் போய்க்கீதும்மா. நாப்பது குடு" என்றார் டிரைவர். முப்பத்தைந்துக்கு இறங்கினார்.

சேகர் எழுதிய யோசனை எளிமையானது. முன்பக்கக் கண்ணாடியை விளம்பரப் பலகை அடித்து மறைத்திருந்தார்கள். அதைக் கழற்றி, அங்கே ஒரு மேசை போட்டால் உள்ளிருந்தே பகல் வெளிச்சத்தில் நிறம் பார்க்கலாம். கதவுக்கு, தானாக மூடிக்கொள்ளும் ஸ்பிரிங்.

"ஸ்பிரிங் போட்டா ஏழுமலை எதுக்குன்னு முதலாளி கேக்க மாட்டாரா?"

"அக்கா, நான் கரண்டைத்தான் பார்க்கறேன்."

"அப்போ என் கணக்கையும் அப்படியே சேத்துடு. அவர் மேல தப்பில்லைன்னு ஒரு வரி எழுது."

எழுதினான். ஸ்பிரிங்கை மட்டும் எடுக்க மறுத்துவிட்டான்.

மூன்று வாரம் கழித்து மறு அளவைக்கு நானும் போனேன். பலகை போய், பெண்கள் கண்ணாடியருகே புடவையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கம்ப்ரஸர் விட்டுவிட்டு ஓய்வெடுத்தது. கதவருகே யாருமில்லை. கேட்டால், "நீங்கதான் தப்பில்லைன்னு எழுதிட்டீங்களே மேடம், அனுப்பலை. மேலே போட்டிருக்கேன்" என்றார் முதலாளி.

மூன்றாவது மாடி. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கிடங்கில், சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு ஏழுமலை புடவைக் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். முதுகெல்லாம் வியர்வை. "வேல கீதும்மா. அதே சம்பளம். காத்துதான் இல்ல" என்று சிரித்தார். நான் அங்கிருந்த கட்டின்மேல் சற்று உட்கார்ந்தேன். படியேறிய களைப்பு மட்டுமில்லை.

கடைக்காரர்களுக்கு நான் சொல்வது இதுதான். தணிக்கைக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். கடை நிறைந்திருக்கும் நேரத்தில் அளக்கச் சொல்லுங்கள். எத்தனை என்பதோடு எதற்கு என்பதையும் எழுதச் சொல்லுங்கள். காரணத்தை முன்கூட்டியே நீங்கள் சொல்லிவிடாதீர்கள். பில் ஏறாத அறைகளுக்கும் தணிக்கையாளரை அழைத்துப் போங்கள்.

அன்று கீழே வந்ததும், கிடங்குக்கு ஒரு மின்விசிறி வேண்டும் என்று அறிக்கையில் சேர்க்கச் சொன்னேன். மிச்சம் பிடிக்கக் கூப்பிட்ட இடத்தில் புதுச் செலவு எழுதினால் சிரிப்பார்கள் என்றான் சேகர். சிரிக்கட்டும் என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, பேனாவைத் திறந்தான்.