அந்தக் கடிகாரத்துக்கு யார் சொன்னது?

"மணி என்ன?" என்று கேட்டால், பதில் வாங்கிக்கொண்டு போய்விடுகிற ஆள் இல்லை எங்கள் மருத்துவமனையின் நெட்வொர்க் அக்கா. "உங்க வாட்சுக்கு யாரு சொன்னா?" என்று நின்ற இடத்திலேயே விசாரணையை ஆரம்பித்துவிடுவார். போன வாரம் லிஃப்டில் மாட்டியவன் நான். என் வாட்ச் கேன்டீன் கடிகாரத்தைப் பார்த்து வைத்தது, அதை கேன்டீன்காரர் குத்துமதிப்பாக வைத்தார் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் விட்டார். மருந்து கொடுக்கும் ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் எனக்கு மணி என்றால் சாப்பாட்டு வேளை, அவ்வளவுதான்!

சர்வர் அறைக் குளிருக்குப் போட்ட ஸ்வெட்டரோடு வெயிலிலும் திரிவார். கொண்டையில் பேனா செருகியிருக்கும். அதையே மேசையெல்லாம் தேடுவார். அந்த அறையில் அக்கா தன் கையாலேயே அமைத்த இரண்டு சர்வர்கள். வார்டுகளில் உள்ள கணினிகள் எல்லாம் அவற்றைக் கேட்டுத்தான் மணி காட்டும். வீட்டுக்காரர் ஒருமுறை இவரைச் சீக்கிரம் கிளப்புவதற்காகச் சமையலறைக் கடிகாரத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்துவிட்டார். "பொய் சொல்ற கடிகாரத்தோட ஒரே வீட்ல என்னால இருக்க முடியாது" என்று அக்கா குதித்த குதியில் மனுஷர் அரண்டுபோனாராம்.

இப்படிப்பட்டவர் இருக்கும் இடத்தில்தான் அந்தக் கூத்து நடந்தது. குழந்தைகள் வார்டில் ஒரு பிள்ளைக்கு ஊசி போடும்படி டாக்டர் தன் போனிலிருந்து உத்தரவு போட்டார். சிஸ்டர் போட்டுவிட்டு வார்டு கணினியில் பதிந்தார். பதிவைப் பார்த்தால், உத்தரவு வருவதற்கு முன்பே ஊசி! பிள்ளை நன்றாகத்தான் இருந்தது. சிஸ்டர்தான் என் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். "உத்தரவைப் பார்த்துட்டுதாண்ணே போட்டேன். யாரும் நம்ப மாட்டேங்கறாங்க."

விசாரணைக்கு டாக்டர், சிஸ்டரோடு, மருந்து கொடுத்தவன் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். "தப்பு யாரோடதோ, அவங்க இன்னையோட வீட்டுக்குப் போக வேண்டியதுதான்" என்று கண்காணிப்பாளர் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார். சிஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. அந்த நேரம் பார்த்து, மடிக்கணினியை அணைத்துக்கொண்டு அக்கா புயலாக உள்ளே வந்தார்.

"சார், சிஸ்டர் மேல தப்பில்ல. கடிகாரம்தான் தப்பு!"

"ரெண்டு சர்வரும் அச்சா ஒரே மணிதானேம்மா காட்டுது? நானே பார்த்தேன்" என்றார் கண்காணிப்பாளர்.

"அதான் சார் விஷயமே!" அக்காவுக்கு மூச்சு வாங்கியது, கண் இரண்டும் மின்னின. "ரெண்டும் வெளியில, இன்டர்நெட்ல, ஒரே ஒரு இடத்தைக் கேட்டுத்தான் மணி வெச்சுது. புது லைன் போட்டப்போ அந்த வழி அடைபட்டுப் போச்சு. அன்னையிலேர்ந்து இது அதைக் கேட்குது, அது இதைக் கேட்குது! ரெண்டும் ஜோடி போட்டுக்கிட்டு மெதுவா பின்தங்கிட்டே போகுது. டாக்டர் போன்ல சரியான மணி, வார்டுல பழைய மணி. பாருங்க, பாருங்க!"

திரையைத் திருப்பினார். டாக்டர் தன் போனை அதன் பக்கத்தில் வைத்தார். வார்டு மணி பின்னால் நொண்டிக்கொண்டிருந்தது. அடேயப்பா! நான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன்.

"ஒருத்தரை மட்டும் கேட்டா, அவர் உளறினாலும் அதான் மணி. ரெண்டு பேரைக் கேட்டா யாரை நம்பறது? ஒருத்தரையொருத்தர் கேட்காத நாலு பேரைக் கேட்கணும் சார். மொட்டை மாடில ஆண்டெனா வெச்சு சாட்டிலைட்டை ஒண்ணு. வெளியில வேற வேற இடமா மூணு. எவன் உளறினாலும் மத்த மூணும் காட்டிக் கொடுத்துரும்!"

சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பும் அழுகையுமாக இருந்தார். கண்காணிப்பாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"சரிம்மா. அப்போ, ஒரே இடத்தை மட்டும் நம்பி, இந்த ரெண்டையும் ஒண்ணையொண்ணு கேட்கும்படி வெச்சது யாரு?"

அக்காவின் ஒரு கை இன்னும் திரையைச் சுட்டிக்கொண்டிருந்தது. மற்றக் கை, விடை தெரிந்த பள்ளிப் பிள்ளையின் கை மாதிரி, விறுக்கென்று மேலே போனது.