சாய்ந்த மேசை சொன்ன கணக்கு

ரத்தம் எடுப்பவனைப் பார்த்து "வாங்க, உட்காருங்க" என்று யாரும் சொல்வதில்லை. எப்போது போவான் என்றுதான் பார்ப்பார்கள். ஊசியும் குழாயுமாகக் காலம் தள்ளிய என் சக பாவிகளே, இது உங்களுக்குத் தெரியாததா? மலாய் நாடு சுதந்திரம் வாங்கிய வருஷம், மலாக்காவில் ஓர் ஆஸ்பத்திரிப் பரிசோதனை அறையில் நான் பட்ட பாட்டில் கொஞ்சம் இது.

உறிஞ்சும் வேலை

எங்கள் காலத்தில் ரத்தத்தை மெல்லிய கண்ணாடிக் குழாயில் வாயால்தான் உறிஞ்சி ஏற்ற வேண்டும். பிறகு குழாயை நிமிர்த்தி நிறுத்தி, ஒரு மணி நேரம் காவல். சிவப்பணுக்கள் மெதுவாக இறங்கினால் நல்லது. மளமளவென்று இறங்கினால் உடம்பில் எங்கோ அழற்சி.

காஜா பெராங்கில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த கோவிந்தன் அண்ணனுக்கு வலது கை விறைத்து, நடுங்கிக்கொண்டே இருந்தது. கடையை மூடி நாலு மாதம். ஊசி நழுவாமல் இருக்க அவர் மனைவி அஞ்சலை அக்காதான் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கை போனாலும் அண்ணனுக்கு வாய்க்குக் குறைவில்லை. நான் உறிஞ்சுவதை வைத்த கண் வாங்காமல் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்ன தம்பி, உப்பு சரியா இருக்கா?"

கெட்டது நல்லதான நாள்

டாக்டர் அண்ணன், அக்கா இருவரிடமும் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். ரத்தத்தில் அழற்சி தெரிந்தால் மூட்டு வாதமாக இருக்கலாம், மாத்திரைக்குக் கேட்கும். தெரியாவிட்டால் நடுக்குவாதம்தான், அதற்குத் தீர்வு இல்லை. அந்த ஒரு மணி நேரமும் அக்கா வாசலில் நின்று குழாயையே பார்த்தார். நானும் பார்த்தேன். பாதிக் குழாய்க்கு மேல் இறங்கிவிட்டது. நோய் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு சந்தோஷமாக ஓடியவன் அன்று நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அப்போ சவரக்கத்தியைத் தீட்டி வைக்கச் சொல்லவா தம்பி?"

மெர்டேக்காக் கொடிகள்

மூன்று வாரம் மாத்திரை சாப்பிட்டும் நடுக்கம் குறையவில்லை. ஒரு காலை, எங்களோடு வேலை பார்த்த நாராயணன் சுவரோரம் கூட்டும்போது மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். அவர் கம்போங் செட்டிக்காரர், பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் ஊறிப்போன தமிழ் வம்சம். தமிழ் வராது, மலாய்தான். காகிதத்தைக் கண்டதும் குனிந்து மேசைக்காலைப் பார்த்தேன். மேசைக்கு ஒரு கால் குட்டை. அதற்கு முட்டுக் கொடுத்திருந்த காகிதம் அது. அண்ணனுக்கு ரத்தம் எடுத்ததற்கு முந்தின நாள், மெர்டேக்கா என்னும் சுதந்திர நாளுக்காக மேசையை ஜன்னலோரம் தள்ளி, மேலே ஏறிக் காகிதக் கொடிகள் கட்டியவன் நான். முட்டுக் காகிதத்தை மறுபடி வைக்க மறந்தவனும் நானே. குழாய் சாய்ந்தால் யார் ரத்தமும் வேகமாக இறங்கும்.

என் ரத்தத்தையே எடுத்து அதே மேசையில் நிறுத்தினேன். மளமளவென்று இறங்கியது. முட்டு வைத்து மறுபடி நிறுத்தினேன். அசையவே இல்லை. டாக்டரிடம் ஒப்புக்கொண்டேன். அண்ணனுக்கு மறுபடி ரத்தம் எடுத்தோம். அதுவும் அசையவில்லை. நாராயணன் மெதுவாக மலாயில் சொன்னார்: "நோய் ரத்தத்துக்கு இல்ல, மேசைக்குத்தான்."

நானே போய்ச் சொன்னது

டாக்டர் முடிவைச் சொல்ல அவர்களை வரச் சொல்லியிருந்தார். என் தப்பை நான்தானே சொல்ல வேண்டும்? அதற்கு முந்தின நாளே அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்கா வெளியே குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தார். உள்ளே அண்ணன் கத்தி தீட்டும் சத்தம், விட்டு விட்டு. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, அடி வாங்கக்கூடத் தயாராக நின்றேன். அக்கா திட்டவில்லை. "அந்த மேசைய அவருக்கு மட்டும் கொஞ்ச நாளைக்குச் சாய்ச்சே வைங்களேன் தம்பி" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

தீட்டும் சத்தம் நின்றது. அண்ணன் வாசலுக்கு வந்தார். "காதுல விழுந்துச்சு லா. மருந்து இல்லன்னா இல்ல, விடு அஞ்சலை. இவரு மூஞ்சியப் பாரு, நாலு நாளு தாடி. நீ வந்து என் கையப் பிடிச்சுக்க." நாற்காலியை இழுத்துப் போட்டு என்னைப் பார்த்தார்: "வாங்க தம்பி, உட்காருங்க."

அதற்குப் பிறகு மேசைக்காலைக் குனிந்து பார்க்காமல் எந்த ரத்தத்தையும் நான் நம்பியதில்லை, ஆனால் அன்று அந்த நடுங்கும் கையை நம்பிக் கழுத்தை நீட்டியவனும் நான்தான்.