நம்சிஃபுவோட கொழுத்த புழு

நம்சிஃபுவ தான்சானியாவுல எங்க பாரே மலையில ‘புழுக்காரி’ன்னுதான் கூப்பிடுவாங்க. கோவிச்சுக்க மாட்டா. வெளியூர்ல ஒரு பயிர் ஆராய்ச்சிப் பண்ணையில பல வருஷம், மக்காச்சோளத்தத் தின்னு அழிக்கற படைப்புழுவ வளர்த்துத் தீனி போட்டவ. வேலைய விட்டு நிறுத்தினதும் ஊருக்கு வந்தா. வைரஸ் தாக்கிச் செத்த புழுவ அரைச்சு, பழந்துணியில வடிகட்டி, மத்த புழுவுக்கும் அந்த நோய் தொத்திச் சாகட்டும்னு மக்காச்சோளத்துக்கு அடிச்சா. அவள எங்க விவசாயிங்க சங்கத்துல சேர்த்தது நான்தான். சந்தா ஒழுங்கா கட்ட மாட்டா, கூட்டத்துல வாய மூடவும் மாட்டா.

அந்தத் தடவ ஊர் முழுக்க அவ கரைசல்தான். தெளிச்சு நாளாச்சு, புழு சாகல. கொழுத்துப் போய் இன்னும் தின்னுச்சு. ஊர்த்தலைவர் கிசாக்கா கொம்பு ஊதிட்டார். கொம்பு ஊதினா வீட்டுக்கு ஒரு ஆள் பொதுவேலைக்கு வந்தாகணும், வேலை முடிக்காம கலையக் கூடாது. அன்னைக்கு வேலை, எல்லா வயலுக்கும் பூச்சி மருந்து. முதல் வயல் நம்சிஃபுவோடது.

மருந்து பட்டா புழு உடனே சாகும், உள்ள வைரஸ் முத்தாது. அடுத்த போகத்துக்கு அரைக்க ஒண்ணும் இருக்காது. அவ பட்ட பாடு அத்தனையும் மண்ணு.

“பம்ப எறக்குங்கண்ணே!”ன்னு நம்சிஃபு வரப்புல மறிச்சு நின்னா.

“புழுவுக்கு விருந்து வச்சவளே, வழிய விடு”ன்னார் கிசாக்கா.

“கொழுக்கறதுதாண்ணே நோயே! தோலுரிக்கறப்ப புழு தின்னாது. அந்த உரிப்ப அடக்கற மாதிரி ஒரு ஜீன் புழு உடம்புலயே உண்டு. என்னைக்கோ ஒரு வைரஸ் புழுவுக்குள்ள தன்ன நகல் எடுக்கறப்ப, அந்த ஜீன் தவறிப்போய் அதோட ஒட்டிக்கிச்சு. அப்படி ஒட்டறது பெரும்பாலும் வீணாப் போயிடும். இது லாபமாப் போச்சு! புழு உரிக்காம தின்னுக்கிட்டே இருக்கு, வைரஸ் உள்ள பெருகிக்கிட்டே இருக்கு!”

“புழுவோட ஜீன் வைரஸுக்கு எப்படி வேலை செய்யும்?”

“உங்க தோட்டத்து வாழை யாரு வீட்டுக் கன்னு? எங்க வீட்டுது. இப்ப உங்க வயித்துக்குத்தான காய்க்குது?”

கூட்டம் சிரிச்சிருச்சு.

“சிரிச்சது போதும். கொம்பு ஊதியாச்சு, சும்மா கலைய முடியாது”ன்னார் கிசாக்கா.

“யாரு கலையச் சொன்னா? ஆளுக்கொரு புழுவோட கால கிள்ளுங்க. பச்சை நிறத்துல தண்ணி வந்தா மருந்து அடிங்க, நான் தடுக்கல. பாலா வந்தா உள்ள வைரஸ் முத்திருச்சுன்னு அர்த்தம், புழு பொறுக்க சட்டி எடுங்க!”

நானும் ஒண்ணப் பிடிச்சேன். கிள்ளினேன். வெள்ள வெளேர்னு பால்!

“எனக்கும் பாலு!” “இங்கயும்!” வரப்பு வரப்பா சத்தம்.

கிசாக்கா நம்பல. வேற மூலைக்குப் போய்க் கிள்ளினார். அப்புறம் இன்னொண்ணு. விரல்ல வழிஞ்ச பால உத்துப் பார்த்தார்.

“என்ன பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க? சட்டி எங்கடா?”ன்னு கத்திட்டு, பம்ப எறக்கி வச்சு, தொப்பியக் கழட்டி அதுலயே புழு பொறுக்க ஆரம்பிச்சார்.