மஸ்டர் ரோலில் ஒரு விரல்

நெய்வேலிச் சுரங்கத்துக்கு முதல் குழி வெட்டிய கதையை நிறுவனத்தின் ஆண்டுமலருக்கு எழுதியவன் நான். பழைய பத்திரிகைச் செய்தி ஒன்றை நம்பி, "அன்று பெண்கள் யாரும் வேலை செய்யவில்லை" என்று அழகாக எழுதிவிட்டேன்.

மலர் வெளிவந்த மறுவாரம், சுரங்கத்தில் கூலி வேலை பார்க்கும் அஞ்சலை என் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றாள். முதல் நாளிலிருந்தே வேலை பார்த்ததாகச் சொல்லி வேலையைப் பர்மனென்ட் ஆக்கக் கேட்டவளை, என் கட்டுரையைக் காட்டி அதிகாரி திருப்பி அனுப்பிவிட்டாராம்.

"நான் மண்ணு சுமந்துகினு இருந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க சார்?"

"மெட்ராஸ்ல."

"அங்கேர்ந்தே தெரிஞ்சுதுங்களா? நல்ல கண்ணுதான்!"

என் காது சுட்டது. மூன்று நாள் கான்ட்ராக்டர் கொட்டகையில் பழைய பதிவேடுகளைப் புரட்டிப் புழுதி தின்றேன். கிடைத்தது, ஆட்களின் வருகையைப் பதிந்த மஸ்டர் ரோல். முதல் நாள் பக்கத்தில் அஞ்சலையின் பெயர். எதிரே கைநாட்டு, ரேகையின் குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு.

நான் கொண்டுபோய்க் காட்டியதும், அதிகாரி அவளை வரவழைத்து மீண்டும் கைநாட்டு வைக்கச் சொன்னார். அதே ரேகை, அதே தழும்பு! அங்கேயே உத்தரவு எழுதினார்.

உத்தரவைப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்திட அவளிடம் நான் பேனாவை நீட்டினேன்.

"எழுதக் கத்துக்கினேன் சார். ஆனா இன்னிக்கு இதான்" என்று சிரித்து, விரலை மையில் அழுத்தினாள்.

நான் எழுதியது பிறர் சொன்னதைக் கேட்டுச் சொன்னது. அந்த விரலோ அங்கேயே இருந்தது. இன்றும் பேனா எடுத்தால் முதலில் கேட்டுக்கொள்கிறேன்: அன்று அங்கே இருந்தது யார்?