அண்ணனின் வலது கண்ணும் என் பன்னிரண்டு தட்டுகளும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெர்மனியில் நாய்கூடத் தாமதமாகத்தான் எழுந்திருக்கும். நான் மட்டும் டிராம் பிடித்துப் போய்க் கண்களுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு வருவேன். பன்னிரண்டு தட்டுகளில் ஆய்வகம் வளர்க்கும் கருவிழித் திசு அது. யாரோ தானம் தந்த கண்ணின் செல்களை வளர்த்து, மேலே பூஞ்சையை ஏற்றி, எந்த மருந்துக்கு அடங்குகிறது என்று பார்ப்பது என் வேலை. ஊட்டத் திரவத்தைத் தினமும் மாற்றாவிட்டால் திசு செத்துப்போகும். ஞாயிறுகூடவா வேலை என்று கேட்ட மாடி வீட்டு அம்மாளிடம், எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில், கண்ணைப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். மறுவாரம் கேக்கோடு வந்து, உன் நோயாளிக்குக் கொடு என்றார். விளக்கிச் சொல்லத் தெம்பில்லை. டாங்கே என்று வாங்கி நானே தின்றேன்.

விருதுநகரில் எங்களுக்கு மிளகாய் வத்தல் சேர்த்து விற்கும் கிட்டங்கி. அத்தா, அதாவது எங்கள் அப்பா, போன பிறகு அண்ணன் பார்த்துக்கொள்கிறார். ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும், மிளகாய் மூட்டை அவிழ்க்கிற வீட்டில் கண் எரிச்சல் ஒரு நோயே இல்லை. அதற்கு டாக்டரிடம் போனால் சிரிப்பார்கள். தீபாவளி முடிந்து சிவகாசியில் சீசன் ஓய்ந்து, அதுவரை பட்டாசு ஏற்றிய லாரிகள் வத்தல் லோடுக்கு வந்து நிற்கும் மாதத்தில், ஒருநாள் போன் கார்டு தீரும் நேரத்தில் அண்ணன் சொன்னார்.

"வலது கண்ணு நாலு நாளா எரியுதும்மா. மூட்டை பிரிக்கயில காம்பு குத்திருச்சு."

"வத்தல்தானேண்ணே. நல்லாக் கழுவுங்க. மெட்ராஸ் ஐ வந்தப்ப மச்சி வாங்குன சொட்டு மருந்து கிடக்கும்ல, அதை விடுங்க."

மச்சி, அண்ணன் மனைவி. அன்று ஆய்வகத்திலிருந்து நேராக வந்துதான் பேசினேன். காம்போ முள்ளோ குத்திய கண்ணில்தான் பூஞ்சை இறங்கும் என்பது என் அறிக்கைகளின் முதல் வரி. சிவப்பை வாங்கும் அந்தச் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு உண்டு, அது பூஞ்சையை வளர்த்துவிடும் என்று என் தட்டுகளிலேயே பார்த்தவள் நான். ஆனால் ஊர்க் குரல் கேட்டதும் நான் ஆராய்ச்சிக்காரி இல்லை, வத்தல்காரர் மகள். அந்த மகள்தான் பதில் சொன்னாள். எரிச்சல் அடங்கி, அண்ணன் மூன்று வாரம் நிம்மதியாக வியாபாரம் பார்த்தார். பிறகு கருவிழியில் வெள்ளை விழுந்து மதுரைக்கு ஓடினார்கள். டாக்டர் எழுதிய பூஞ்சையின் பெயரை மச்சி போனில் எழுத்துக்கூட்டி வாசித்தாள். என் தட்டில் இருந்த அதே பூஞ்சை. அந்தக் கண்ணில் பார்வை திரும்பவில்லை.

அடுத்த விடுமுறையில், கண்ணைக் கெடுத்தது நான் விடச் சொன்ன மருந்துதான் என்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஊருக்குப் போனேன். கிட்டங்கியில் அவருடைய வலப்பக்கம் உட்கார்ந்தேன். அவரே முந்திக்கொண்டார்.

"அங்கன கண்ணு வளக்குறியாம்ல. எனக்கு ஒண்ணு ஆகாதா?"

"இல்லண்ணே. அது மருந்து சோதிக்க மட்டுந்தான். கண்ணுல வைக்க முடியாது."

"சரி விடு."

"அண்ணே, அந்தச் சொட்டு மருந்து..."

"அதுக்கென்ன, நல்ல மருந்து. அம்புட்டுத் தொலவுல இருந்து நீ சொன்னதுதான் மூணு வாரம் தாங்குச்சு. இல்லேன்னா அப்பவே போயிருக்கும்." வந்த எல்லோரிடமும் இதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். பிறகு முழு முகத்தையும் என் பக்கம் திருப்பினார். "இங்கிட்டு வந்து உக்காரும்மா. அந்தப் பக்கம் இருந்தா நீ தெரிய மாட்டேங்குற."

எழுந்து அவருடைய இடப்பக்கம் போய் உட்கார்ந்தேன். சொல்ல வந்தவள் அந்த வலப்பக்கத்திலேயே இருந்துவிட்டாள்.