மாஸ்டரின் வலது காலும் மாடி வீட்டுத் தண்ணீரும்

மாஸ்டரின் வலது கால் சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. டிரைவிங் ஸ்கூல் காரில், வண்டி பழகுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தே பாதி ஆயுளைக் கழித்தவர் அவர். அந்த இருக்கைக்கு முன்னாலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் தடுமாறினால் மாஸ்டர் அதை மிதிப்பார், தடுமாறாவிட்டாலும் மிதிப்பார். வீட்டில் டிவி பார்க்கும்போது திரையில் ஒரு லாரி வேகமாக வந்தால் போதும், கால் தானாகத் தரையை அழுத்தும். "கூடத்துல உக்காந்துக்கிட்டு யாரு மேல மோதப் போறீங்க?" என்று மனைவி கேட்பாள். கால் அப்போதும் தரையை விட்டு எழாது.

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, போதாததற்கு வங்கியிலும் கடன் வாங்கி, தன் வீட்டுக்கு மேலே இன்னொரு வீடு எழுப்பினார் மாஸ்டர். மாடி வாடகையில்தான் கடன் தவணை ஓடவேண்டும். மேலே போகும் தண்ணீர்க் குழாயின் வால்வையும் மோட்டார் சுவிட்சையும் எங்கே வைப்பது என்று கொத்தனார் கேட்டபோது, மாஸ்டர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "கீழ, என் பக்கம் வைங்க" என்றார். மாடிப்படிக்கு அடியில் சின்னதாக ஓர் அறை, அதற்கு ஒரு கதவு, கதவுக்கு ஒரு பூட்டு. சாவி எப்போதும் அவர் இடுப்பில். வேலைக்குக் கிளம்பும்போது மாடி வால்வை மூடிவிட்டுத்தான் செருப்பையே மாட்டுவார்.

அவரைக் கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். தண்ணீருக்காக அவர் யாரிடமும் காசு கேட்டவர் இல்லை. மேலே யாரோ குழாயைத் திறந்துபோட்டு மறந்துவிடுவார்கள், கீழ்த் தொட்டி காலியாகிவிடும், மோட்டார் தண்ணீரில்லாமல் ஓடிப் புகைந்துவிடும் என்ற பயம், அவ்வளவுதான். பயந்தவர்களிடம் என்ன நியாயம் பேசுவது? முதலில் வந்த குடும்பம், பள்ளிக்கூடம் தூரம் என்று சொல்லிக் காலி செய்தது. அடுத்தது ஒன்றும் சொல்லாமலே போயிற்று. "ஆளுங்க சரியில்ல" என்று மாஸ்டர் தன்னைத் தானே தேற்றிக்கொண்டார்.

மூன்றாவதாக வந்தவள் ஒரு நர்ஸ். கணவனுக்கு வெளியூரில் வேலை. இவளும் ஏழு வயது மகளும் மட்டும். வாடகை தேதி தவறாது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று மாஸ்டர் முதல் நாளே சொல்லியிருந்ததால், முகம் பார்க்கும் கண்ணாடியைக்கூட அலமாரியின் மேல் சாய்த்தே வைத்திருந்தாள். மகளோ கீழ்வீடே கதி என்று கிடந்தாள். பல் விழுந்தால், அதை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு முதலில் மாஸ்டரின் மனைவியிடம்தான் ஓடி வருவாள். சொந்தப் பிள்ளை வெகு தூரத்தில் வேலைக்குப் போய், எப்போதாவது போனில் மட்டும் பேசும் வீடு அது. "பெரியம்மா" என்ற ஒரு குரலில் மாஸ்டரின் மனைவிக்கு மூட்டு வலியே மறந்துபோகும்.

அந்தச் சமயத்தில் மாஸ்டரிடம் கார் பழக வந்தார் ஒரு தபால் ஆபீஸ் மேடம். வாடகைக்கு விடுவதற்காக அவரும் ஒரு சின்ன வீடு வாங்கியிருந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே யோசனை கேட்பார். மாஸ்டருக்குக் கேட்கவேண்டுமா?

"ஆள் வர்றதுக்கு முன்னாடி எல்லாக் குழாயையும் தொறந்து பாருங்க மேடம். குடி வர்றவங்களையும் கூட நிக்க வச்சு சுவரு, கதவு எல்லாத்தையும் போட்டோ எடுத்துடுங்க. அப்புறம் யாரு ஒடச்சதுன்னு சண்டை வராது. கிளட்ச், கிளட்ச்! எந்த ரிப்பேர் உங்களுது, எது அவங்களுதுன்னு முதல்லயே எழுதிக்கணும். ரெண்டு மாசம் வீடு காலியாக் கெடந்தாலும் தவணை கட்ட முடியுமான்னு பார்த்துட்டு எறங்குங்க. முக்கியமா, வாடகைக்கு ஆசைப்பட்டு ஆளை விட்டுடாதீங்க. நல்ல ஆள் கெடச்சா கெட்டியாப் பிடிச்சுக்கணும்."

"எப்படிப் பிடிச்சுக்கறது மாஸ்டர்?"

தெருக்கோடியில் ஒரு நாய் எழுந்து சோம்பல் முறித்தது. அதற்காக மாஸ்டர் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் ஒரு நாள், லைசென்ஸ் டெஸ்ட் நடக்கும் மைதானத்தில் மாஸ்டர் போனை அணைத்துவிட்டு நின்றிருந்த நேரம், பள்ளிக்கூடத்திலிருந்து நர்ஸுக்கு அழைப்பு வந்தது. குழந்தைக்கு ஓயாத வாந்தி. ராத்திரி டியூட்டி முடித்துக் கண்ணயர்ந்தவள் ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டு வந்தாள். உடுப்பு, தலைமுடி எல்லாம் நாசம். குழாயைத் திருகினால் காற்றுதான் வந்தது. மாஸ்டரின் மனைவி படிக்கட்டு அறைக்கு ஓடினாள். பூட்டு அவளைப் பார்த்துப் பல்லை இளித்தது. பிறகென்ன, தன் சமையலறைக் குழாயில் வாளி வாளியாகப் பிடித்து, மூட்டு வலியோடு மாடிக்குத் தூக்கினாள். நடுங்கி அழுத குழந்தையின் தலையை இரண்டு பெண்களுமாகக் கழுவிவிட்டார்கள்.

சாயங்காலம் நர்ஸ் கீழே வந்தாள். முகத்தில் கோபம் இல்லை.

"சார், அடுத்த மாசக் கடைசியில காலி பண்ணிடறேன்."

"ஏன் சிஸ்டர்? வேணும்னா வாடகையைக் கொஞ்சம் கொறைச்சுக்கலாமே."

"வாடகை ஜாஸ்தின்னு நான் எப்பவாவது சொன்னேனா சார்? ஆஸ்பத்திரியில ஒவ்வொண்ணுக்கும் யாரையாவது கேட்டுட்டுத்தான் செய்யணும். வீட்டுக்கு வந்து என் குழந்தை தலையைக் கழுவறதுக்கும் ஒருத்தர் வர்ற வரைக்கும் காத்திருக்கணும்னா, அது எப்படி சார் என் வீடாகும்?"

ராத்திரி மனைவி தட்டை வைத்தாள், சோற்றைப் போட்டாள். அவர் கை கழுவப் போகும்போது சொன்னாள்: "அந்தக் குழந்தை போயிட்டா இந்த வீட்டுல நான் யாரோட பேசறது?"

மறுநாள் காலை தபால் ஆபீஸ் மேடம் காரை ஓரமாக நிறுத்தினார். "கோச்சுக்காதீங்க மாஸ்டர். நான் பிரேக் போடலாம்னு நெனைக்கறதுக்குள்ள நீங்க போட்டுடறீங்க. டெஸ்ட் அன்னைக்கு நான்தானே ஓட்டணும்? எனக்கு வண்டி ஓட்ட வருதா வரலையான்னு எனக்கே தெரியல."

சுருக்கென்று தைத்தது. மாஸ்டர் செருப்பைக் கழற்றினார். இரண்டு கால்களையும் இருக்கை மேல் தூக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மேடம் வண்டியை எடுத்தார். திருப்பத்தில் ஒரு தள்ளுவண்டி குறுக்கே வந்தது. மாஸ்டருக்கு உயிர் போய் உயிர் வந்தது. மேடமே பிரேக் போட்டு நிறுத்தினார். போட்டுவிட்டுச் சின்னப் பெண் மாதிரி சிரித்தார்.

"நல்ல ஆளை எப்படிப் பிடிச்சுக்கறதுன்னு அன்னைக்குக் கேட்டீங்களே மேடம்," என்றார் மாஸ்டர், நெற்றியைத் துடைத்துக்கொண்டு. "அது எனக்குத் தெரியாது மேடம். மத்ததெல்லாம் தெரியும்."

அந்த வாரமே பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் வந்தார்கள். பூசி வெள்ளையடித்த சுவரை உடைத்து, வால்வையும் மோட்டார் சுவிட்சையும் மாடி வாசற்கதவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். ஒவ்வொரு உளி அடியும் மாஸ்டரின் நெஞ்சில் விழுந்தது. வேலை முடிந்ததும் மாடி ஏறிப்போய், அவசரத்துக்கு என்று தன்னிடம் வைத்திருந்த மாடிக் கதவின் மாற்றுச் சாவியையும் நர்ஸிடம் நீட்டினார்.

"போறதுன்னா போங்க சிஸ்டர். தடுக்க மாட்டேன். இருக்கற வரைக்குமாவது இது உங்க வீடா இருக்கட்டும்."

அவள் சாவியை வாங்கிக்கொண்டாள். இருக்கிறேன் என்றும் சொல்லவில்லை, போகிறேன் என்றும் சொல்லவில்லை. கேட்கவும் மாஸ்டருக்கு வாய் வரவில்லை. ஒவ்வொரு நாளும் மாடியில் அட்டைப்பெட்டி இழுக்கும் சத்தம் கேட்கிறதா என்று மனைவி காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்த மாதத்தின் கடைசி ஞாயிறும் வந்துவிட்டது. மத்தியானச் சாப்பாடு முடிந்து இருவரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தலைக்கு மேலே தண்ணீர் கொட்டத் தொடங்கியது. கொட்டிக்கொண்டே இருந்தது. மாஸ்டரின் வலது கால் தரையை அழுத்தியது.

"மறந்துட்டாங்க போல. தொட்டி காலியாயிடும்." பாதி எழுந்துவிட்டார்.

மனைவி தன் காலை எடுத்து அவர் கால் மேல் வைத்தாள். "பேசாம உக்காருங்க."

உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் நின்றது. படியில் தடதடவென்று சத்தம். ஈரத் தலையோடு குழந்தை வந்து நின்றாள்.

"பெரியம்மா, இன்னைக்கு நானே தலைக்குக் குளிச்சேன்!" என்றாள். பிறகு மாஸ்டர் பக்கம் திரும்பி, ஞாபகம் வந்தவளாய்ச் சொன்னாள்: "அம்மா கேட்டுட்டு வரச் சொன்னாங்க. கண்ணாடி மாட்டணுமாம். சுவத்துல ஒரு ஆணி அடிச்சுக்கலாமா?"

காலி செய்துகொண்டு போகிறவர்கள் ஆணி அடிப்பார்களா? மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் கால் இன்னும் அவர் கால் மேல்தான் இருந்தது.

"ரெண்டா அடிச்சுக்கச் சொல்லும்மா," என்றார் மாஸ்டர்.