புருலுக்கு மட்டும் சொல்லவில்லை

எங்கள் நாரின் ஊர்ப் பக்கத்தில் மருமகளாக வந்தவள் புருஷன் வீட்டுப் பெரியவர்களின் பெயரை வாயால் சொல்லக் கூடாது. நாத்தனார் பெயரைச் சொல்லிவிடுகிறேன், அவள் புருல். மாமியார் பெயரைச் சொல்ல மாட்டேன். மரியாதையால் அல்ல, நாக்கு கூசுகிறது.

புருல் பள்ளிக்கூடத்தைச் சூடாக்கும் கொதிகலனுக்கு நிலக்கரி அள்ளிப் போடுகிறவள். கட்டியவன் விட்டுவிட்டுப் போனபின் பிறந்த வீட்டுக்கே வந்து எங்களோடு இருந்தாள். மாமியார் படுக்கையில் விழுந்ததும் குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, துணி மாற்றுவது எல்லாம் அவள் தலையில் விழுந்தது. நான் சமைத்தேன். என் கணவன் எசென் வீட்டுக்கு ஒரே மகன், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுவான். அதுவும் ஒரு வேலைதான்.

சாகப்போகும் தாய் பிள்ளைகளைக் கூப்பிட்டு, கொடுத்த பாலுக்கு உன்மேல் குறையில்லை என்று சொல்லிவிட்டுத்தான் போவாள். அந்த வார்த்தை கிடைக்காத பிள்ளை உருப்படாது என்று எங்கள் ஆட்கள் நடுங்குவார்கள். மாமியார் எசெனுக்குச் சொன்னாள். தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து சென்ட் வாசனையோடு வந்து தலையைக் காட்டிய கடைக்குட்டி கென்ஜேவுக்கும் சொன்னாள். மூத்தவள் புருல் ஈரத்துணியோடு அங்கேயேதான் நின்றாள். மாமியார் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்றோடு புருலுக்குப் புத்தி பேதலித்துவிட்டது. என்ன தப்பு செய்தோம் என்று தோண்ட ஆரம்பித்தாள். சின்ன வயதில் திருடித் தின்ற பாலாடை, புருஷனோடு வாழாமல் வந்தது, என்றோ எதிர்த்துப் பேசியது என்று ஒவ்வொன்றாகப் படுக்கையருகே போய் ஒப்புக்கொண்டாள். கிழவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள், வாயைத் திறக்கவில்லை. கடைசியில் நான்தான் சூப்பில் எதையோ கலந்து அம்மா மனத்தைக் கெடுத்துவிட்டேன் என்று சந்தேகம் வந்து, நான் வைத்த கிண்ணத்தை முகர்ந்து பார்த்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பைத்தியம் பிடிக்கறதுக்குள்ள நேராக் கேட்டுத் தொலைங்கக்கா" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனேன்.

"எனக்கு மட்டும் ஏம்மா சொல்லல?" என்றாள் புருல்.

மாமியாருக்கு அன்று நினைவு தெளிவாக இருந்தது. "கொடுக்காத பாலுக்கு எப்படிடி சொல்றது? மேல போயி நான்தானே பதில் சொல்லணும். உனக்குப் பால் கொடுத்தவ சாய்ரா."

சாய்ரா மாமியாரின் தங்கை. அவள் கல்யாணமாகாமல் பெற்று, சில வாரம் பாலூட்டிய புருலைத்தான் அக்கா வாங்கிக்கொண்டாளாம். ஒன்றை எடுத்து வளர்த்தால் தன் வயிறும் திறக்கும் என்ற ஆசை. திறக்கவும் செய்தது. அப்புறம் தங்கை வாசல் மிதிக்காமலிருக்க, தன் கம்மலைத் திருடியவள் என்று ஊரெல்லாம் பரப்பி, பிள்ளைக்கும் அதையே சொல்லி வளர்த்தாள். சந்தையில் சாய்ரா எதிரே வந்தால் புருல் காறித் துப்புவாள். போன இலையுதிர் காலத்தில் சாகக் கிடந்த சாய்ரா, புருலை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று ஆள் அனுப்பினாள். "திருடிகிட்ட எனக்கென்ன வேலை" என்று புருல் உள்ளேயிருந்தே சொல்லி அனுப்பிவிட்டாள். பக்கத்தில் மாமியார் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள், கேட்டுக்கொண்டே.

"அதைச் சொல்லத்தான் கூப்பிட்டாங்களா?" என்று புருல் கேட்டாள்.

"எம்மேல குறையில்லன்னு நீயாச்சும் ஒரு வார்த்தை சொல்லிடுடி" என்றாள் மாமியார். சாகிறவர்களுக்கு மற்றவர்களும் அப்படிச் சொல்லித்தான் அனுப்ப வேண்டும்.

புருல் அவள் வாயோரம் வழிந்ததைத் துடைத்தாள். தலையணையைச் சரிசெய்தாள்.

"இல்லாததச் சொல்ல உங்களால முடியலல்ல. என்னாலயும் முடியலம்மா."

ஆனாலும் குளிப்பாட்டுவதையும் புரட்டுவதையும் கடைசிவரை அவள் விடவில்லை. ஒவ்வொரு முறை தொடும்போதும் கிழவி அவள் வாயையே பார்ப்பாள். அப்படிப் பார்த்தபடியே செத்தாள். அந்தக் கண்ணை மூடிவிட்டவளும் புருல்தான்.